கடைசிப் படியில்தான் கனம்

பழனிக்குப் பக்கத்தில் படிக்கும் பொறியியல் மாணவர்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். மலைமேல் ஊர்களுக்கு மருந்தும் அவசரச் சாமானும் கொண்டுபோக, ஒற்றைச் சுழலி வைத்த ஆளில்லா ஹெலிகாப்டர் செய்கிறார்களாம். மொத்த எடை 24 கிலோ. சுழலியின் விட்டம் 2.4 மீட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 10,500 சுற்று ஓடும். சுழலிக்கு 875 சுற்றுதான் வேண்டும். ஆக, பன்னிரண்டில் ஒரு பங்காக வேகத்தைக் குறைக்கும் கியர்பெட்டி தேவை. "விசாரித்த பெட்டிகள் எல்லாம் நாலு கிலோவுக்கு மேல் வருகின்றன. இன்னும் வேகமான மோட்டாரை வாங்கிக்கொண்டு, ஒரே படியில் 30 குறைக்கும் ஹார்மோனிக் பெட்டியைப் போட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

வேண்டாம். ஆனால் அதற்கு முன், நீங்கள் சரியாகச் செய்திருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுழலியைப் பெரிதாக்கி மெதுவாகச் சுற்றவிட முடிவு செய்தீர்களே, அது இந்த மலைக்கு ஏற்ற முடிவு. பழனி ஊர் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் சொச்சம். கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டும். கோடை நடுப்பகலில் அடிவாரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.1 கிலோ. அதே நேரத்தில் கொடைக்கானலில் 0.94 கிலோ. பதினைந்து சதவீதம் மெலிந்த காற்று. அதே எடையை அந்தரத்தில் நிறுத்த அங்கே எட்டு, ஒன்பது சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். சிறிய சுழலியை வெறிபிடித்தாற்போலச் சுற்றிக் கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிட, பெரிய சுழலியால் நிறையக் காற்றை மெல்லத் தள்ளுவது எப்போதும் சிக்கனம். உங்கள் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். கொடைக்கானல் உயரத்தில் அந்தரத்தில் நிற்கச் சுமார் 1.9 கிலோவாட், ஏற்றத்துக்கும் காற்றடிப்புக்கும் சேர்த்து 3 கிலோவாட்டுக்கு வடிவமைத்தால் போதும். அப்போது சுழலித் தண்டில் முறுக்குவிசை 33 நியூட்டன் மீட்டர்.

இந்த 33 என்ற எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். இனிச் சொல்லப்போவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

மோட்டாரின் எடை அதன் திறனைப் பொறுத்ததில்லை, முறுக்குவிசையைப் பொறுத்தது. நல்ல பிரஷ்லெஸ் மோட்டாரில் கிலோவுக்கு ஆறு நியூட்டன் மீட்டர் தொடர்ச்சியாக எடுக்கலாம் என்று வைத்தால், கியரே இல்லாமல் சுழலியை நேரடியாகச் சுற்ற ஐந்தரை கிலோ மோட்டார் வேண்டும். பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் மோட்டாருக்கு 2.8 நியூட்டன் மீட்டர் போதும். தாராளமாகப் போட்டாலும் முக்கால் கிலோ. கியர்பெட்டியை ஒன்றேகால் கிலோவில் முடித்தால் மூன்றரை கிலோ மிச்சம். உங்கள் வண்டி சுமக்கப்போகும் மருந்துப் பெட்டியே அவ்வளவுதான் இருக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்து வருகிறது. குறைப்பு விகிதம் பெரிதாக இருந்தால் பெட்டி கனக்கும் என்று நினைக்கிறார்கள். விகிதத்துக்கு எடை கிடையாது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்குப் போயிருப்பீர்கள். 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் 60 சென்டிமீட்டர் ஆடி ஒன்று சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, ஒளியை 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. அந்த வகை ஆடி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 48 மணி நேரம் ஆகும். 1,500 சுற்று மோட்டார் ஒன்றால் அதைத் திருப்புவதாக வைத்துக்கொண்டால் குறைப்பு விகிதம் 43 லட்சத்து 20 ஆயிரம்! உங்கள் பன்னிரண்டு எங்கே, இது எங்கே. ஆனாலும் அந்த வேலையைக் கையடக்கமான புழுக்கியர் அடுக்கு செய்துவிடும், ஏனென்றால் ஆடியைத் திருப்ப விசையே வேண்டியதில்லை. பழனி மலைக்கோயில் விஞ்சு இதற்கு நேர்மாறு. பெட்டி நிறைய ஆட்களை இழுக்கும் முறுக்குவிசை வேண்டும், ஆனால் அதன் கியர்பெட்டி கான்கிரீட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு டன் கூடினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகாயத்தில் போகிற வண்டிக்கு விசையும் வேண்டும், கனமும் ஆகாது. கனம் எங்கே சேருகிறது என்றால், முறுக்குவிசை முழுதாக வந்து இறங்கும் கடைசிப் படியில்.

எனவே முதல் ஆலோசனை: தண்டுகளைக் கூடுமானவரை கடைசிப் படிவரை வேகமாகவே சுற்றவிடுங்கள். பன்னிரண்டை இரண்டு படியாகப் பிரிக்கும்போது, முதலில் 5 குறைத்துப் பிறகு 2.4 குறைத்தால் நடுத்தண்டு 14 நியூட்டன் மீட்டர் சுமக்க வேண்டும். திருப்பிப் போட்டு, முதலில் 2.4, கடைசியில் 5 என்றால் நடுத்தண்டில் ஆறரைதான். தண்டு, பேரிங், உறை எல்லாம் பாதியாக இளைக்கும். உலகத்தின் மிகப் பெரிய ஹெலிகாப்டர்களில் ஒன்றான மி-26, நம் விமானப்படையிலும் இருந்தது. அதன் 32 மீட்டர் சுழலி நிமிடத்துக்கு 132 சுற்றுதான் சுற்றும். அந்த ஒரு கியர்பெட்டியே மூன்றரை டன்னுக்கு மேல். அதை வடிவமைத்தவர்கள் வழக்கமான கோள்கியரை (அது என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்) விட்டுவிட்டு, விசையைப் பல பாதைகளாகப் பிரித்து, பெரிய குறைப்பைக் கடைசிப் படியில் வைத்தார்கள். அந்த அளவில் ஒவ்வொரு சதவீதமும் முப்பத்தைந்து கிலோ.

இரண்டாவது: கடைசிப் படியின் சுமையை ஒரே பல்லில் போடாதீர்கள். சாதாரண ஜோடிச் சக்கரமாக, ஒரு மாட்யூல் பல்லில் 5 குறைத்தால் கிட்டத்தட்ட 70 கிலோ விசை தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே இடத்தில் விழும். கோள்கியரில் நடுவே சூரியச் சக்கரம், சுற்றி நான்கு கோள்கள், வெளியே அசையாத வளையம். அதே 70 கிலோ நான்கு இடத்தில் பிரிந்து, ஓரிடத்துக்குப் பதினேழு, பதினெட்டு கிலோவாகிவிடும். சென்னையில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானங்கள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இன்ஜின் உள்ளே நிமிடத்துக்கு 41,730 சுற்று ஓடுகிறது, புரொப்பெல்லர் 1,591. இருபத்தாறு மடங்கு குறைப்பு. முதலில் ஒரு ஜோடிச் சக்கரம், பிறகு கோள்கியர். அரை நூற்றாண்டுக்கு மேலாக உழைத்துக்கொண்டிருக்கும் இந்த அமைப்பைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

கோள் எத்தனை வைப்பது என்பது உங்கள் விருப்பம் இல்லை, வடிவ கணிதம் தீர்மானிப்பது. விகிதம் கூடக்கூடக் கோள்கள் பெருத்து, பக்கத்துக் கோளோடு இடித்துக்கொள்ளும். மூன்று கோள் என்றால் நடைமுறையில் 12 வரை போகலாம். நான்கு என்றால் 6 வரை. ஐந்து என்றால் நாலரை. ஆறு வேண்டுமானால் 4-க்குக் கீழேதான். உங்கள் 5-க்கு நான்கு கோள் சரியாக உட்காரும்.

பல் எண்ணிக்கையைக் கவனமாக எடுங்கள். சூரியனுக்கு 20, கோளுக்கு 30, வளையத்துக்கு 80 என்று முழு எண்களாகப் போடத்தான் கை போகும். பொருந்தவும் செய்யும். ஆனால் 20-ம் 80-ம் நான்கால் வகுபடுவதால் நான்கு கோள்களும் ஒரே கணத்தில் பல்லோடு பல் மோதும். நான்கு அதிர்வும் கூடி ஒன்றாக உதைக்கும். சூரியனுக்கு 19, கோளுக்கு 29, வளையத்துக்கு 77 என்று போடுங்கள். 19-ம் 77-ம் கூட்டினால் 96, அது நான்கால் வகுபடுகிறது, எனவே கோள்களைச் சம இடைவெளியில் மாட்ட முடியும். தனித்தனியாக வகுபடாததால் ஒவ்வொரு கோளும் கால் பல் முன்பின்னாகத் தொடும். விகிதம் 5.05. முதல் படிக்கு 21 பல்லும் 50 பல்லும். மொத்தம் 12.03. எந்த ஜோடிக்கும் பொது வகுத்தி இல்லை, ஆகவே ஒரு பல்லில் சிறு குறை இருந்தாலும் அது எதிரே ஒரே பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்காது. ஒரு மாட்யூலில் வளையத்தின் விட்டம் 77 மில்லிமீட்டர், உள்ளங்கை அகலம். பல் அகலம் 10 மில்லிமீட்டர் போதும். கேஸ் ஹார்டனிங் செய்த நல்ல எஃகுக்கு அந்தச் சுமை சாதாரணம்.

நான்காகப் பிரியும் என்று காகிதத்தில் எழுதிவிட்டால் பிரிந்துவிடாது. கோயில் சப்பரம் தூக்கும் நால்வரில் ஒருவர் இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தால் என்ன ஆகும்? அவர் தோளில் தண்டு படவே படாது, மற்ற மூவரும் முழுதும் சுமப்பார்கள். கோள்களைத் தாங்கும் சட்டத்தில் ஓர் ஊசி 20 மைக்ரான் விலகியிருந்தால் அதுதான் நடக்கும். எல்லாவற்றையும் துல்லியமாகச் செய்து இதைச் சரிக்கட்டப் பார்ப்பது செலவு. சூரியச் சக்கரத்துக்குப் பேரிங்கே போடாமல் மிதக்கவிடுங்கள். ஸ்ப்ளைன் முனையில் லேசாக ஆடும்படி தண்டைக் கொடுத்தால், நான்கு கோள்களுக்கும் நடுவே அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். வளையத்தின் வெளிச்சுவரையும் மெல்லியதாக, சற்று வளையும்படி விடுங்கள். எடையும் குறையும், சுமையும் சமமாகும்.

இப்போது ஹார்மோனிக் பெட்டி. ரோபோ கைகளுக்கு அது அருமையான பொருள். பேக்லாஷ் இல்லை, சிறியது, ஒரே படியில் 30, 50, 100 என்று குறைக்கும். ஆனால் அதன் செயல்திறன் பொதுவாக 70-லிருந்து 85 சதவீதம். ரோபோ கை நின்று நின்று வேலை செய்வது. உங்கள் சுழலி ஒரு நொடிகூட நிற்காது. 15 சதவீத இழப்பு என்றால் 3 கிலோவாட்டில் 450 வாட் வெப்பம், கையளவு பெட்டிக்குள். நான் சொல்லும் இரண்டு படி, கிரைண்டிங் செய்த பல்லோடு, மூன்று சதவீதத்துக்குள் நிற்கும், 90 வாட். வித்தியாசம் 360 வாட். 25 நிமிடப் பறப்பில் அது 150 வாட் மணி, அதாவது சுமார் ஒரு கிலோ பேட்டரி. பெட்டியில் மிச்சம் பிடித்த எடையைப் பேட்டரியில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். இரண்டு வளையம் வைத்து ஒரே படியில் பெரிய விகிதம் தருகிற கூட்டுக் கோள்கியர் படங்களும் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். அவற்றில் திறன் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, வெளியே கொடுப்பதைவிடப் பல மடங்கைப் பல்லில் உரசவிடும். பறக்கிற வண்டிக்கு வேண்டாம்.

உலோகத்துக்கு வருவோம். சூரியனும் கோள்களும் இஎன் 36, கேஸ் ஹார்டனிங், பிறகு கிரைண்டிங். ஒரு மாட்யூல் பல்லுக்குக் கடினமான தோலின் ஆழம் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பெரிய கியருக்கு வைக்கும் கணக்கில் 0.6 வரை ஏற்றிவிட்டால் பல் உள்வரை கண்ணாடியாகிவிடும், வளையாது, முறியும். வெப்பச் சூளைக்காரரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லாமல் வரைபடத்திலேயே எழுதுங்கள். வளையச் சக்கரத்தின் உட்பல்லை இந்தச் சின்ன அளவில் கிரைண்டிங் செய்வது கஷ்டம், ஆகவே அதற்கு நைட்ரைடிங் செய்யும் எஃகு. அந்தச் சூடு குறைவு, கோணிக்கொள்ளாது.

என் மேசை இழுப்பறையில் ஒரு பினியன் கிடக்கிறது. பல வருஷம் முன்னால் நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் செய்தது. 22 பல்லில் ஒன்று அடியோடு போயிருக்கிறது. முறிந்த இடத்தை லென்ஸில் பார்த்தால், பல்லின் அடிமூலையில் நகக்கண் அளவுக்கு வழவழப்பான பிறைத்தழும்பு. அதிலிருந்து கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள்போல வளைவு வளைவாக வரிகள். மிச்சமெல்லாம் சர்க்கரையை உடைத்தாற்போலச் சொரசொரப்பு. அந்தப் பிறை இருந்த இடத்தில் கிரைண்டிங் கல் ஒரு விநாடி அழுத்தமாகப் பட்டுச் சூடேறியிருக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அளவுகள் எல்லாம் கச்சிதம். நைட்டல் அமிலத்தில் நனைத்துப் பார்க்கும் சோதனையை அவசரத்தில் விட்டுவிட்டோம். அதை வரைந்தது நான், சோதனையைக் கேட்காமல் விட்டதும் நான். அமிலத்தில் நனைத்தால் சூடுபட்ட இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் ஏழெட்டுச் சக்கரங்களுக்கு இதைச் செய்ய அரை நாள் ஆகாது. செய்துவிடுங்கள். பல்லடி வளைவில் கட்டர் கோடு நகத்தில் தட்டுப்பட்டால் அந்தச் சக்கரத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஆளில்லையோ என்று தயங்க வேண்டாம். ஆவடியில் அர்ஜுன் டாங்கியை உருவாக்கிய போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம்தான் தேஜஸ் போர் விமானத்தின் துணைக்கருவி கியர்பெட்டியையும் செய்தது. டாங்கிக்குக் கியர் வெட்டத் தெரிந்தவர்கள் விமானத்துக்கு வெட்டக் கற்றுக்கொண்டார்கள். கோவையில் ஹாபிங், ஷேப்பிங், கிரைண்டிங் எல்லாம் ஒரே சாலையில் கிடைக்கும் இடங்கள் உண்டு. அவர்களுக்கு எடை குறைத்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். சக்கரத்தின் வயிற்றுப்பகுதியைக் கடைந்து மெல்லியதாக்கச் சொன்னால் "எதுக்கு சார், இருக்கட்டுமே" என்பார்கள். விடாதீர்கள். ஆனால் பல்லுக்குக் கீழே விளிம்பின் கனம் பல்லின் உயரத்தைப் போல் ஒரு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். அதற்கும் கீழே போனால் வெடிப்பு பல்லோடு நிற்காமல் சக்கரத்தையே குறுக்காகப் பிளக்கும்.

சக்கரம் பிளந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் தூரோய் தீவருகே கடல் எண்ணெய் மேடையிலிருந்து திரும்பிய இசி225 ஹெலிகாப்டரின் பிரதான சுழலி நடுவானில் கழன்று போனது. 13 பேரும் இறந்தார்கள். இரண்டாவது படியின் ஒரு கோள் சக்கரம் களைப்பு வெடிப்பால் பிளந்திருந்தது. அந்தச் சக்கரத்தின் உட்பரப்பே பேரிங்கின் ஓடுபாதை. அங்கே விழுந்த ஒரு நுண்குழியிலிருந்து வெடிப்பு தோலுக்கு அடியிலேயே வளர்ந்தது. எண்ணெயில் வரும் இரும்புத்துகளைப் பிடிக்கும் காந்த உணரி எச்சரிக்கவில்லை. கோள்கியரில் பல்லைவிடக் கோளின் பேரிங்தான் பலவீனமான இடம், ஏனென்றால் சூரியன் பக்கச் சுமையும் வளையத்தின் பக்கச் சுமையும் இரண்டும் சேர்ந்து அதன்மேல்தான் இறங்குகின்றன. உங்கள் பெட்டியில் ஒவ்வொரு கோள் பேரிங்கிலும் 35 கிலோ. எண்ணெய் வடிகால் அடைப்பில் காந்தம் கட்டாயம் வையுங்கள். ஆனால் காந்தம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காகக் கோள்களை ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். இத்தனை மணி நேரம் ஆனால் நான்கையும் மாற்றுவது என்று எழுதிவைத்து, அந்த மணிக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு வழிக் கிளட்ச்சை மறந்துவிட்டீர்கள் என்று உங்கள் படத்தைப் பார்த்தால் தெரிகிறது. மோட்டார் நின்றால் சுழலி தன் வேகத்திலேயே சுற்றிக்கொண்டு வண்டியை மெல்ல இறக்க வேண்டும். மோட்டாரையும் இழுத்துச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது. அதைச் சுழலிப் பக்கம் வைத்தால் 33 நியூட்டன் மீட்டர் தாங்கும் பெரிய கிளட்ச் வேண்டும். மோட்டார்ப் பக்கம் வைத்தால் மூன்று. எங்கே வைப்பது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு இந்த மலைக்கே உரிய தொல்லை. அடிவாரத்தில் 38 டிகிரியில் கிளம்பி, அரை மணிக்குள் பூம்பாறைப் பக்கம் மஞ்சுக்குள் நுழைவீர்கள். மார்கழி, தையில் விடியற்காலை ஐந்து டிகிரிக்கும் இறங்கும். உறை அலுமினியம், சக்கரமும் பேரிங்கும் எஃகு; அலுமினியம் இரு மடங்கு விரியும். ஓடும் பெட்டி 80 டிகிரிக்குப் போனால் 35 மில்லிமீட்டர் பேரிங்கின் இருக்கை 22 மைக்ரான் தளரும். பட்டறை மேசையில் இறுக்கமாக உட்கார்ந்த பேரிங் வானத்தில் உருளத் தொடங்கும். மெல்லிய எஃகு வளையத்தை உறைக்குள் அழுத்திப் பொருத்தி அதில் பேரிங்கை வையுங்கள். குளிரில் நேர்மாறாகத் தண்டுகளின் இடைவெளி சுருங்கிப் பேக்லாஷ் குறையும், எனவே 60 முதல் 80 மைக்ரான் விடுங்கள். கெட்டிக் கிரீஸ் வேண்டாம். குளிர்காலையில் அதுவே அரை சதவீதம், ஒரு சதவீதம் தின்னும். மெல்லிய செயற்கை எண்ணெய், அதுவும் கோளின் அடிப்பல் நனையும் அளவுக்கு மட்டும். சக்கரங்களை எண்ணெயில் மூழ்கடித்தால் கடைந்துகொண்டே இருக்கும், மோர் கடைகிற மாதிரி. மேலே இறங்கி ஆறும்போது உறை ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அடுத்த வாரம் பல்லில் துருப்புள்ளி. மூச்சுத்துளையில் சிலிக்கா ஜெல் குப்பி ஒன்று மாட்டுங்கள்.

மொத்த எடையை 25 கிலோவுக்குள் வைத்திருப்பது நல்லது. 2021 ட்ரோன் விதிகளில் அதற்கு மேல் நடுத்தர வகை, கெடுபிடிகள் கூடும். வழியில் வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் வனத்துறையிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பறக்கவிடும் முன் மேசையில் ஓட்ட வேண்டும். கொடைக்கானலில் யாராவது இடம் கொடுத்தால் அங்கேயே. ஒரு மோட்டாரால் ஓட்டி, மறுமுனையில் இன்னொரு மோட்டாரை ஜெனரேட்டராக வைத்துச் சுமை கொடுங்கள். எதிர்ப்புக்கு இரும்புப்பெட்டிக் காயில்கள் போதும். பத்து மணி நேரம் அரைச் சுமை, எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். முதல் வடிகட்டலில் சாம்பல் நிறப் பொடி வருவது சகஜம். மினுமினுக்கும் செதில் ஒன்றே ஒன்று வந்தாலும் பிரித்துவிடுங்கள். பிறகு நாற்பது மணி நேரம் முழுச் சுமை, அதில் இரண்டு மணி நேரம் பத்து சதவீதம் கூட்டி. கடைசியாக எண்ணெயை முழுதும் வடித்துவிட்டு எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். பெரிய ஹெலிகாப்டர்களில் எண்ணெய் போனபின் அரைமணி நேரம் ஓட வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்களுக்குக் குறைந்தது கீழே இறங்கும் நேரம் வேண்டும்.

ஐம்பது மணி முடிந்து, எண்ணெயை வடிப்பதற்கு முன்னால் ஒருமுறை பெட்டியைப் பிரித்து, கோள்களில் 1, 2, 3, 4 என்று குறியிட்டு, ஒவ்வொன்றிலும் பல்முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுங்கள். பளபளப்பான பட்டை நான்கிலும் ஒரே அகலத்தில், பல்லின் நடுவில் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தாலோ, மங்கலாக இருந்தாலோ, சப்பரத்தில் ஒருவர் தோள் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் படங்களை எனக்கு அனுப்புங்கள், தாங்குசட்டத்தின் அளவுத்தாளையும் சேர்த்து.